தலை சிலுப்பாத சேவல்

நத்தம் ரோட்டிலிருந்து மலைப்பக்கம் திரும்புகிற வண்டிப்பாதை முடிகிற இடத்தில் ஒத்தப்பனைக் கருப்பன் கோயில் இருக்கிறது. கோயில் என்றதும் கோபுரத்தைத் தேட வேண்டாம். ஒரு பனை, ஒரு பீடம், தரையில் குத்திவைத்த ஏழு அரிவாள்கள். அவ்வளவுதான்.

பக்கத்து ஓட்டு வீட்டில் ராக்காயி இருந்தாள். பூசாரியாக இருந்த அவள் அப்பா போனபோது ஆண் வாரிசு இல்லாததால் விபூதித் தட்டு அவள் கைக்கு வந்தது. அப்போது அவளுக்கு முப்பது வயது நிறையவில்லை. ஊர் கொஞ்ச நாள் முணுமுணுத்தது. பிறகு மனசு சரியில்லாதவர்கள் அவளிடம் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள். வந்தவர் கையில் ஏதாவது வேலையைக் கொடுத்துவிடுவாள்.

சங்கிலி வந்தது ஒரு மாசி மாதக் காலை. வயது நாற்பத்தாறு. ராக்காயியை விடப் பத்து வயது மூத்தவன். ஆனாலும் வந்த வேகத்தில் அவள் காலில் விழுந்தான்.

"எந்திரிங்கண்ணே. என்ன வேலை பாக்குறீக?"

"லைன்மேன்."

"என்ன வேணும்?"

"என் பயத்தை எடுத்து விடணும்மா."

"எதுக்குப் பயம்?"

"கம்பம் ஏற."

அவன் அவள் எதிரே உட்கார்ந்துகொண்டு தொடர்ந்தான்.

"ராசாமணின்னு என்கூட வேலை பாத்தவன். பயம்னா என்னன்னே தெரியாது அவனுக்கு. மழை பெய்யும்போதும் கையுறை போடமாட்டான். அன்னிக்கு லைனை நிறுத்தியாச்சுன்னு ஃபோன் வந்துச்சு. எர்த் கம்பியை மாட்டிட்டு ஏறுவோம், எங்கிருந்தாவது கரண்ட் வந்தாலும் மண்ணுக்குப் போயிரும்டான்னேன். உனக்கு எல்லாத்துக்கும் பயம்தான்னு சிரிச்சுக்கிட்டே ஏறிட்டான். எங்கயோ ஒரு மண்டபத்துல ஜெனரேட்டர் ஓடியிருக்கு. அந்தக் கரண்ட் திரும்பி எங்க கம்பிக்கு வந்துருச்சு."

"நீங்க?"

"கீழ நின்னுக்கிட்டு இருந்தேன்."

ராக்காயி ஒரு சொம்புத் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"எட்டு மாசம் ஆச்சும்மா. கம்பத்துல கை வச்சா உடம்பு வெடவெடன்னு நடுங்குது. ஜூன் ஒண்ணாம் தேதி வேலையில சேந்து கம்பம் ஏறலைன்னா வேற ஆளைப் போட்டுருவோம்னு சொல்லிட்டாக. பொண்ணு காலேஜ் படிக்கிறா. என்னைய ராசாமணி மாதிரி ஆக்கி விடுங்க. அது போதும்."

ராக்காயி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோழி வளத்துருக்கீகளா?"

"இல்லம்மா."

"முற்றத்துல பதினோரு குஞ்சு நிக்குது. ரெண்டு மாசக் குஞ்சுக. அதுல எதெது சேவல்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

சங்கிலிக்குச் சப்பென்று போனது. மந்திரம் இல்லாவிட்டாலும் ஒரு தாயத்தாவது கிடைக்கும் என்று நினைத்து வந்தவன் அவன். ஆனால் வீட்டுக்குத் திரும்பிப் போகவும் பயம். மனைவி கேட்பாள். அதனால் கோயிலிலேயே தங்கிவிட்டான்.

மூன்று வாரம் குஞ்சுகளோடு கிடந்தான். கொண்டை சிவக்கிறதா, கால் தடிக்கிறதா, கழுத்து இறகு கூராகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு வந்து சொன்னான்.

"மூணு சேவல்மா. செவலை ஒண்ணு, வெள்ளை ஒண்ணு, புள்ளி ஒண்ணு. மிச்சம் எட்டும் பெட்டை."

"நல்லாப் பாத்தீகளா?"

"பாத்துட்டேன்."

மறுநாள் விடியும்போது வேப்பமரத்துக் கிளையிலிருந்து தொண்டை கட்டிய குரலில் ஒரு கூவல் கேட்டது. சங்கிலி ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தான். பெட்டை என்று அவன் கணக்கில் வைத்திருந்த சாம்பல் நிறக் கோழி கழுத்தை நீட்டிக் கூவிக்கொண்டிருந்தது. இவனைக் கண்டதும் இன்னும் மேல் கிளைக்குத் தாவியது.

"அது பெட்டை இல்லையாம்மா?"

"ஏன் பெட்டைன்னு நெனச்சீக?"

"கிட்டப் போனாலே ஓடுது."

"ஓடுனா பெட்டையா?" என்றாள் ராக்காயி. "சரி. நாலு சேவல். ஏழு பெட்டைக்கு ஒண்ணு போதும். நாலும் இருந்தா பெட்டைக முதுகுல இறகு மிஞ்சாது. ஒண்ணு முற்றத்துல இருக்கட்டும். மூணு வைகாசித் திருவிழாவுல கருப்பனுக்கு. எது இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

"நானா?"

"கூடவே கெடக்குறது நீங்கதான்."

ஒன்றைச் சொன்னால் மூன்றைச் சாகச் சொன்னதாகும். அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்து அதனால் ஓர் உயிர் போவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அன்று ராசாமணியை மறித்து இன்னொரு சொல் வராமல் போனதால் ஓர் உயிர் போனதை மட்டும் அவன் தினமும் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஆனால் மனசுக்குள் அவன் எப்போதோ முடிவு பண்ணியிருந்தான். செவலை. அது அவன் உள்ளங்கையில் ஏறி நின்று குருணை தின்னும். மடியில் படுத்துக் கண்ணை மூடும். நாய் குரைத்தாலும் திரும்பிப் பார்க்காது. இந்தக் கோயிலில் ராசாமணியை ஞாபகப்படுத்துகிற ஒரே ஜீவன் அதுதான்.

"கையில வச்சுத் தீனி போடாதீங்கண்ணே" என்றாள் ராக்காயி ஒருநாள்.

"இதுக்கு என்கிட்டப் பயமே இல்லம்மா."

"அதுக்குத்தான் சொல்றேன்."

அவனுக்கு அது விளங்கவில்லை. விளங்காததைக் கேட்கவும் பயம்.

சித்திரை பிறந்தும் அவன் எதையும் சொல்லாததால் ராக்காயியே சொல்லிவிட்டாள்.

"சாம்பல் இருக்கட்டும். மத்த மூணும் கருப்பனுக்கு."

"செவலையுமா?"

"மூணும்."

"சாம்பல் நிழலைப் பாத்தாலே ஓடுதும்மா."

"ஆமா" என்று சொல்லிவிட்டு அவள் விளக்குத் துலக்கப் போனாள்.

கருப்பன் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டுவதற்கு முன்னால் சேவலின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பை உதறித் தலையைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் கருப்பன் ஏற்றுக்கொண்டான் என்று அர்த்தம். மூன்று தடவை தெளித்தும் சிலுப்பாவிட்டால் அவனுக்கு அது வேண்டாம். அந்தச் சேவலை யாரும் வெட்டக்கூடாது, விற்கக்கூடாது. ஆயுசுக்கும் கோயிலிலேயே இருக்கும். அப்படி ஒரு சேவல் நின்றதாக ஊரில் யாருக்கும் நினைவில்லை. தலையில் தண்ணீர் விழுந்தால் எந்தச் சேவல்தான் சும்மா நிற்கும்?

மறுநாள் காலையில் ராக்காயி தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, சங்கிலி ஒரு சொம்பில் மஞ்சளைக் கரைத்தான். செவலையை மடியில் வைத்துக்கொண்டு தலையில் இரண்டு சொட்டு விட்டான். அது படபடவென்று உதறியது. உடனே உள்ளங்கையில் குருணையை நீட்டினான்.

பின்னால் ஏழு அரிவாள்களும் நின்றன. திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. கருப்பனை ஏமாற்றப் பார்த்தவன் ரத்தம் கக்கிச் செத்த கதையை அவன் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறான். ஆனாலும் இன்னும் இரண்டு சொட்டு விட்டான். மறுநாளும் விட்டான். ஒரு வாரத்தில் செவலை உதறுவதைக் குறைத்தது. இரண்டு வாரத்தில் தண்ணீர் விழுந்ததும் தலையைத் தூக்கிக் கையைப் பார்த்தது. இருபத்தாறாம் நாள் ஒரு கை நிறையத் தண்ணீரை மொத்தமாக ஊற்றினான். செவலை அசையவே இல்லை.

திருவிழாவன்று ஊரே கூடியிருந்தது. வெள்ளைச் சேவல் முதல் தெளிப்பிலேயே சிலுப்பியது. புள்ளிச் சேவலும் அப்படியே. குலவைச் சத்தத்தில் அவற்றின் சத்தம் கேட்கவில்லை.

செவலையைக் கொண்டுவந்தார்கள்.

ராக்காயி தண்ணீர் தெளித்தாள். செவலை நின்றது. மறுபடி தெளித்தாள். நின்றது. கொட்டுக்காரர் கையை நிறுத்திவிட்டார். மூன்றாவது தடவை அள்ளியே ஊற்றினாள். அலகிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்ட, செவலை அங்கே கூடியிருந்த அத்தனை கால்களுக்கும் நடுவே எதையோ தேடியது. சங்கிலியைக் கண்டுபிடித்ததும் அவனையே பார்த்தது.

எங்கே இது தன்னை நோக்கி ஓடி வந்துவிடுமோ என்று சங்கிலி பயந்தான். ராக்காயி சேவலைப் பார்த்தாள். அது பார்த்த திசையில் பார்த்தாள். சங்கிலியின் வலது கை குருணை நீட்டுகிற மாதிரி தானாகக் குவிந்திருந்தது.

"கருப்பனுக்கு வேணாமாம்" என்றாள் ராக்காயி. "விட்டுருங்க."

ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அன்றிலிருந்து முற்றத்தில் இரண்டு சேவல்கள் ஆயின. இரண்டே நாளில் செவலை சாம்பலைக் கொத்தி விரட்டிவிட்டது. சாம்பல் வேப்பமரத்தோடு சரி. தீனிக்குக்கூட வேலிக்கு வெளியேதான் மேய்ந்தது. செவலைக்குக் குளிர்விட்டுப் போய்விட்டது. துடைப்பத்தின் மேல் பாய்ந்தது. வாளியின் மேல் பாய்ந்தது. சாமி கும்பிட வந்த ஒருவரை வேட்டியைப் பிடித்து இழுத்து வண்டிப்பாதை வரை துரத்தியது. சங்கிலி சிரித்தான். ராசாமணி செத்த பிறகு அவன் முதல்முறையாகச் சிரித்தது அதற்குத்தான்.

மே இருபத்தேழாம் தேதி காலையில், ராக்காயி குனிந்து முட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். செவலை பறந்து அவள் முகத்தில் காலை வைத்தது.

அவள் கத்தவில்லை. முட்டைகள் விழுந்து உடைந்தன. முந்தானையை எடுத்துக் கண்ணைப் பொத்திக்கொண்டாள். வெள்ளைச் சேலை நனைந்து சிவந்தது.

"அம்மா, கண்ணு தெரியுதா?"

"தெரியலைண்ணே. ரத்தமா இருக்கு."

சங்கிலி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். ராசாமணி கீழே விழுந்தபோதும் அவன் இப்படித்தான் உட்கார்ந்தான்.

"எந்திரிங்க. நான் பஸ்ஸைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"நானும் வர்றேன்."

"வேணாம். கோழிகளை யாரு பாப்பா? இதுக தாயி, அந்த அடைக்கோழி, நேத்துத்தான் மறுபடியும் குஞ்சு எறக்கியிருக்கு." ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்தாள். "ரெண்டு சேவல் ஒரு முற்றத்துல ஆகாது. நான் வர்றதுக்குள்ள எது இருக்கணும்னு முடிவு பண்ணி வைங்க."

அவள் நடந்து போன பாதையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் கிடந்தது. சங்கிலி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கால்விரலில் ஏதோ கொத்தியது. செவலை. குருணைக்கு வந்திருந்தது. அதன் கால்முள்ளில் இன்னும் ரத்தம் காயவில்லை. சங்கிலி சடக்கென்று காலை இழுத்துக்கொண்டான். அது ஒரு அடி கிட்ட வந்தது. அவன் இரண்டு அடி பின்னால் போனான். அதன் கண்ணைப் பார்த்தான். அதில் கோபமும் இல்லை, பாசமும் இல்லை. இத்தனை நாள் அதில் எதைக் கண்டு கொஞ்சினோம் என்று அவனுக்குப் புரியவில்லை.

மதியம் ஆனது. வெயில் முற்றத்தில் நின்றது. கண் போயிருக்குமா? கருப்பன் தன்னை அடிக்காமல் அவளை அடித்துவிட்டானா? அரிவாள்கள் இருந்த பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். முதுகு கூசியது. திரும்பி உட்கார்ந்தான். அதுவும் முடியவில்லை.

அப்போது வேப்பமரத்திலிருந்து சாம்பல் குரல் கொடுத்தது. கூவல் இல்லை. அடித்தொண்டையிலிருந்து வந்த நீளமான ஓர் உறுமல். சங்கிலிக்குக் காரணம் தெரியவில்லை. பெட்டைகளுக்குத் தெரிந்தது. எல்லாம் வைக்கோல் படப்புக்கு அடியில் போய் மறைந்தன. சாம்பல் மரத்தை விட்டு இறங்கி, தன்னை விரட்டிய முற்றத்துக்குள்ளேயே ஓடிவந்து, அடைக்கோழியையும் குஞ்சுகளையும் படப்புக்குள் நெட்டித் தள்ளியது. கடைசியாகத் தானும் புகுந்துகொண்டது.

முற்றத்தில் செவலை மட்டும் நின்றது. அதன் காலடியில் பின்தங்கிப்போன ஒரு குஞ்சு.

நிழல் ஒன்று தரையில் ஓடியது. பருந்து விழுந்ததையும் எழுந்ததையும் சங்கிலியால் சரியாகப் பார்க்கக்கூட முடியவில்லை. குஞ்சு இல்லை. அதன் சத்தம் மட்டும் மேலே மேலே போய்க் கேட்காமல் ஆனது.

செவலை அசையவில்லை. தலையைச் சாய்த்துச் சங்கிலியின் கையைப் பார்த்தது.

அவன் அழுதான். சத்தமாகவே அழுதான். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.

ஐந்து மணி பஸ்ஸில் ராக்காயி வந்தாள். பாதி முகத்தை மூடிக் கட்டு போட்டிருந்தார்கள். சங்கிலி பாதைக்கே ஓடினான்.

"கண்ணு என்னாச்சும்மா?"

"தப்பிச்சிருச்சு. அரை விரக்கடை மேல பட்டிருந்தா போயிருக்குமாம். நாலு தையல்."

அவன் மறுபடியும் மண்ணில் உட்கார்ந்தான்.

"அம்மா, கருப்பன் அதை வேணாம்னு சொல்லலை. நான்தான் சொல்ல வச்சேன். தெனமும் மஞ்சத்தண்ணி தெளிச்சுப் பழக்கிட்டேன். இருபத்தாறு நாள்."

"தெரியும்."

"தெரியுமா?"

"திருவிழா அன்னிக்கு உங்க கையைப் பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"ஊருக்கு முன்னால சொன்னா உங்களைப் பனையில கட்டியிருப்பாக. அப்புறம் தனியாச் சொல்லிக்கலாம்னு தள்ளிப் போட்டேன். தப்புத்தான்." கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "எதை வைக்கலாம்னு முடிவு பண்ணீகளா?"

"சாம்பல்."

"செவலை?"

"கருப்பனுக்கே குடுத்துருவோம்மா. நானே பிடிச்சுத் தர்றேன்."

"தண்ணி தெளிச்சாச் சிலுப்புமா?"

சங்கிலி யோசித்தான். "சிலுப்பாது."

"அப்பக் கருப்பனுக்கு ஆகாது."

"வித்துரலாமா?"

"கருப்பன் வேணாம்னதை எவன் வாங்குவான்?"

"முற்றத்துல விடவும் முடியாதேம்மா."

"முடியாது."

"அப்ப என்னதான் பண்றது?"

"பஞ்சாரத்தைப் போட்டுக் கவுத்துங்க. அது சாகுற வரைக்கும் அதுக்குள்ளதான்."

சங்கிலி மூங்கில் பஞ்சாரத்தை எடுத்துவந்து ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தான். அவன் கை உள்ளே தெரிந்ததும் செவலை தானாகவே நடந்து உள்ளே போனது. விரட்ட வேண்டியிருக்கவில்லை. பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே ஒரு கல்லை வைத்தான். உள்ளேயிருந்து அது மூங்கில் இடுக்கு வழியாக அலகை நீட்டிக் கையைத் தேடியது. அவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

ராக்காயி பீடத்துக்கு விளக்குப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். சங்கிலி தள்ளி நின்றான்.

"அம்மா."

"சொல்லுங்கண்ணே."

"நான் வந்தப்பக் கம்பத்துக்கு மட்டும்தான் பயந்தேன். இப்பக் கருப்பனைப் பாத்தாப் பயம். உங்க கண்ணைப் பாத்தாப் பயம். இந்தச் சேவலைப் பாத்தா அதைவிடப் பயம். ஒண்ணாம் தேதிக்கு நாலே நாள்தான் இருக்கு. வந்த அன்னிக்குக் கேட்டேன், இன்னும் என் பயத்தை எடுக்கலையே நீங்க."

ராக்காயி அவனை ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

"எடுத்துரலாம்ண்ணே. அதுக்கு வழி எனக்குத் தெரியாம இருந்துச்சு. செவலைகிட்ட நீங்களே கண்டுபிடிச்சுக் காட்டிட்டீக. நாளைக்குக் காலையில ஒரு சொம்பு தண்ணியும் ஒரு கை குருணையும் எடுத்துக்கிட்டு வந்து என் முன்னால உக்காருங்க. ஆரம்பிச்சிருவோமா?"

சங்கிலி, பஞ்சாரத்து இடுக்கில் இன்னும் கையைத் தேடிக்கொண்டிருந்த செவலையைப் பார்த்துவிட்டு, கைகளை மறுபடியும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.